வாசிச்சுக் காட்டட்டுமா

பெயர் போடாமல் ஒருத்தியைப் பற்றி எழுதுவது சிரமமான காரியம். வரிக்கு வரி அவள், அவள் என்றே வரும். படிக்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். எழுதுகிற எனக்கும் சலிப்பாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, பெயர் போடாதே என்று அவளே சொல்லிவிட்டாள். ஒருத்தரைப் பற்றி எழுதினால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். அந்தச் சட்டத்துக்கு நான் கட்டுப்பட இத்தனை வருடம் ஆனது.

நான் கடலூர்க்காரி. மஞ்சக்குப்பத்தில் வீடு, அப்பா பஸ் கண்டக்டர். சிதம்பரத்தில் சமூகப்பணி முதுகலைக்குச் சேர்ந்தபோது என் மனதில் இருந்தது விமானம் மட்டும்தான். மக்கள் சேவை, சமூக மாற்றம் எல்லாம் சேர்க்கை நேர்காணலில் சொல்வதற்காக மனப்பாடம் செய்தது. இந்தப் படிப்பைப் படித்தவர்களை வெளிநாட்டு நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன, ஊர் ஊராக அனுப்புகின்றன என்று யாரோ டெப்போவில் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அப்பா ஓட்டை டவுன் பஸ்ஸிலேயே ஆயுள் முழுக்க நின்றவர். மகளாவது உட்கார்ந்து பறக்கட்டும் என்று நினைத்தார்.

அவள் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்தாள். ஹாஸ்டலில் என் அறையில் போட்டார்கள். களப்பணிக்கும் என்னோடே ஜோடி சேர்த்தார்கள். வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் களம். களம் என்றால் சிதம்பரத்தில் டவுன் பஸ் பிடித்துக் குமராட்சியில் இறங்கி, அங்கிருந்து ஒன்பது மணி மினி பஸ்ஸில் உள்ளே ஒரு கிராமத்துக்குப் போவது. கையில் பரீட்சை அட்டை, அதில் செருகிய கேள்விப் படிவங்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை வேளை சாப்பாடு, கழிப்பறை உண்டா, மகளிர் குழுவில் சேர்ந்திருக்கிறீர்களா என்று நாலு பக்கத்துக்குக் கேள்விகள்.

நான் ஒரு நாளில் இருபது படிவம் முடிப்பேன். அவள் நாலு முடித்தால் பெரிது. காரணம், அவளுடைய அந்தப் பழக்கம். எல்லாக் கேள்வியும் கேட்டு எழுதி முடித்த பிறகு எழுந்திருக்க மாட்டாள். அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

"வாசிச்சுக் காட்டட்டுமாக்கா? நான் எதுனா தப்பா எழுதியிருந்தா சொல்லுங்க."

பதில் சொன்னவர்களுக்கே அது புதுசாக இருக்கும். எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள், என்ன எழுதினோம் என்று ஒருவரும் திருப்பிச் சொன்னதில்லை. இவள் முதல் கேள்வியிலிருந்து நிறுத்தி நிறுத்தி வாசிப்பாள். அவர்கள் முதல் தடவை சொன்னது ஒன்றாக இருக்கும், வாசித்துக் கேட்டதும் சொல்வது வேறாக இருக்கும். ஒரு வீட்டில் அந்த அம்மா மூன்று வேளை சாப்பாடு என்று சொல்லியிருந்தார். இவள் அதை வாசித்ததும் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டுன்னு போட்டுடு பாப்பா. ராத்திரிக்கு புள்ளைங்களுக்கு வச்சிட்டு நான் சும்மா படுத்துடுவேன். நீ மொதல்ல கேட்டப்ப கௌரவத்துக்கு மூணுன்னுட்டேன்."

அவள் மூன்றை அடித்து இரண்டு என்று எழுதி, அதையும் மறுபடி வாசித்துக் காட்டினாள். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி நிற்பேன். அந்த ஊரில் திரும்ப பஸ் நாலரைக்குத்தான். இருந்தாலும் எனக்கு எதற்கெடுத்தாலும் அவசரம். அவள் ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வாய்க்கால் ஓரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, மிச்சப் படிவங்களை நானே நிரப்பியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் அதற்கு மரத்தடி சர்வே என்று பெயர். அதில் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று சொல்லி இப்போது தப்பிக்கப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

வடலூரில் ஒரு தடவை எங்களை அன்னதான வரிசையில் சர்வே எடுக்க விட்டார்கள். வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடம் அவள் கேட்டு எழுதினாள். படிவத்தில் ஆதரவற்றவர் என்று ஒரு கட்டம் இருந்தது, டிக் போட்டாள். வாசித்துக் காட்டியபோது அவர் கோபித்துக்கொண்டார்.

"யாரு ஆதரவில்லாதவன்? எனக்கு மூணு புள்ளைங்க. சோறு போட மாட்டேங்கறானுங்க, அது வேற விசயம். அதுக்காக இல்லன்னு எழுதிடுவியா நீ?"

அவள் மன்னிப்புக் கேட்டு டிக்கை அடித்துவிட்டு, ஓரத்தில் 'மூன்று மகன்கள் இருக்கிறார்கள்' என்று எழுதினாள். துறையில் அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கட்டத்துக்கு வெளியே எழுதினால் கம்ப்யூட்டரில் ஏறாதாம். "அப்ப கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம் ஜாஸ்தி போடச் சொல்லுங்க சார்" என்று கேட்டாள். உள்மதிப்பீட்டில் அவளுக்குப் பாதி மதிப்பெண்தான் வந்தது.

ஹாஸ்டலில் குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதும் வேலையை அவளிடம் கொடுத்தது எங்கள் முட்டாள்தனம். கால் மணி நேரத்தில் எழுதிவிட்டாள். பிறகு நாற்பது பெண்களுக்கும் அறை அறையாகப் போய் வாசித்துக் காட்டி, ஆளுக்கொரு திருத்தம் வாங்கி, திருத்தியதை முதல் அறையிலிருந்து மறுபடி வாசித்து வந்தாள். அதற்குள் வார்டன் ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் நான்கு நாள் பின்கட்டுக் குழாயில் வாளியோடு வரிசையில் நின்றோம். அவளைத் திட்டாத வாய் இல்லை.

அந்தக் குழாயடியில் துணி அலசும்போதுதான் ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

"ஏண்டி உயிர வாங்கற? எழுதுனமா, வந்தமான்னு இருக்க மாட்டியா?"

அவள் பாவாடையைப் பிழிந்தபடி சொன்னாள். அவள் அப்பா ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர். பெல்ட்டில் மாட்டி வலது கை போயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரிடம் யாரோ வந்து வாக்குமூலம் எழுதி, இடதுகைக் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்துக்கொண்டு போனார்கள். குடித்துவிட்டு வேலைக்கு வந்ததால் தவறி விழுந்தேன் என்று அதில் இருந்தது. அவர் வாழ்க்கையில் குடித்ததில்லை.

"கடைசி வரி என்னா தெரியுமா? 'படிக்கக் கேட்டேன், சரி.' அதுக்குக் கீழதான் கைநாட்டு. எங்கப்பாவுக்குக் காது நல்லாத்தான்டி கேக்கும். யாரும் படிக்கல, அவ்ளோதான்."

இதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரமும் அவள் வாசித்துக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு அதே எரிச்சல்தான் வந்தது.

இப்போது ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் களப்பணி கிராமத்தில் இருந்தவர். அவர் பெயரும் இங்கே வராது. கொல்லையில் கீரை போட்டு, விடியலில் சிதம்பரம் கொண்டுபோய் விற்றுவிட்டு, காலிக்கூடையோடு அதே ஒன்பது மணி மினி பஸ்ஸில் ஊர் திரும்புவார். குமராட்சியில் அந்த பஸ்ஸில் இடம் பிடிப்பது சாதாரண விஷயமில்லை. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் உள்ளே பறக்கும். அக்கா ஒரு சீட்டில் தான் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் கூடையை வைத்துவிடுவார். யார் கேட்டாலும் எடுக்க மாட்டார்.

"எழுதுற பொண்ணு வருது, எடம் போட்டிருக்கேன்."

எழுதுற பொண்ணு என்றால் அவள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் இரண்டாம் வருடத்தில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தது. அந்தக் கிராமம் மூன்று நாள் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு, வெள்ளத்தைப் பற்றி ஆளுக்கொரு தனிநபர் ஆய்வு எழுதி வரச்சொல்லி எங்களை அனுப்பினார்கள். ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு அவருக்கு நடந்ததை முழுசாக எழுத வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்ததை எழுதுகிறவருக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் உதவித்தொகை தரப்போகிறது, இரண்டு வருடம் அந்த நாட்டிலேயே சமூக மேம்பாடு படிக்கலாம், பிறகு அவர்களே வேலையும் தருவார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. நான் அந்தத் தாளை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அக்கா வீட்டுக்குப் போனோம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் காயவில்லை. அக்கா ஈர விறகை ஊதி ஊதி உலை வைத்துக்கொண்டே பேசினார். முதலில் சும்மாதான் பேசினார். எங்கோ ஒரு இடத்தில் உடைந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளில் தன் பிள்ளைகளைக் காப்பாற்ற என்ன செய்தார் என்பதைச் சொன்னார். அது என்னவென்று எழுதமாட்டேன். யாருக்கும் அதில் கெடுதல் இல்லை, சட்டப்படி குற்றமும் இல்லை. ஆனால் ஊர் வாயில் விழுந்தால் ஒரு பெண் பிறகு தலை தூக்கி நடக்க முடியாது. அவ்வளவு சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

அவள் நாலு பக்கம் எழுதினாள். நான் வாசற்படி அருகே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் வழக்கம்போல அட்டையைத் திருப்பினாள்.

"வாசிச்சுக் காட்டட்டுமாக்கா?"

வாசித்தாள். மூன்றாவது பக்கம் வந்தபோது அக்கா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார்.

"இதெல்லாம் நானா சொன்னேன்?"

"ஆமாக்கா."

"எழுத்துல கேக்கறப்ப பயமா கீது பாப்பா. வேணாம். அடிச்சிடு."

அவள் அடிக்கவில்லை. அடித்தால் அடியில் இருப்பது தெரியும் என்றாள். நாலு பக்கத்தையும் அட்டையிலிருந்து உருவி அக்கா கையிலேயே கொடுத்தாள். அக்கா அவற்றைக் கசக்கி அடுப்பில் வைத்தார். ஈர விறகு அப்போதுதான் பற்றியது. எங்கள் துறையில் அதுவரை யாரும் கொண்டுவராத ஆய்வு என் கண் முன்னால் எரிந்து உலை கொதித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"பைத்தியமாடி நீ? பேர மாத்திப் போட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்று பஸ்ஸுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"அவுங்களுக்குத் தெரியும்ல" என்றாள்.

அவள் அந்தக் கிராமத்துக்கு மினி பஸ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது, வராத நாளில் பிரசவத்துக்கு எப்படிப் போகிறார்கள் என்று ஒரு ஆய்வு எழுதிக் கொடுத்தாள். நல்ல ஆய்வுதான். யாரும் இரண்டாவது பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

நான் எதைக் கொடுத்தேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு ஞாபகசக்தி அதிகம், சின்ன வயதிலிருந்தே. எரிந்த நாலு பக்கத்தையும் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு பகலில் எழுதினேன். அக்காவுக்கு வேறு பெயர் வைத்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று போட்டேன். அதைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது. கீரைக் கொல்லையை மாற்றவில்லை, பிள்ளைகள் எண்ணிக்கையை மாற்றவில்லை, கிராமத்தின் பெயரையும் மாற்றவில்லை. உண்மையாக இருக்க வேண்டும் அல்லவா, ஆய்வு.

"நீ யாரப் பத்திடி எழுதுன?" என்று அவள் கேட்டாள்.

"நீ பாக்காத ஆளு. பக்கத்து ஊரு" என்றேன்.

உதவித்தொகை எனக்குக் கிடைத்தது. சிதம்பரம் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவள் ஒரு பை முந்திரிப்பருப்பு கொடுத்தாள். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எழுதறது எல்லாம் இனிமே பெரிய பெரிய ஆளுங்க படிப்பாங்கடி, பாத்து எழுது" என்றாள். அவளுக்குத் தெரியாது. அந்தக் கையை நான் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பிறகு மூன்று நாடுகளில் வேலை பார்த்தேன். வேலை என்றால் மற்றவர்கள் எடுத்த பேட்டிகளைப் படித்து அறிக்கை எழுதுவது. நேபாளத்து மலையில் ஒரு அம்மா, கென்யாவில் ஒரு அம்மா, கம்போடியாவில் ஒரு அம்மா. எல்லாருக்கும் பெயர் மாற்றப்பட்டிருக்கும். எல்லாரும் கஷ்டப்பட்டு, குழுவில் சேர்ந்து, கடைசிப் பத்தியில் சிரிப்பார்கள். கொஞ்ச காலமாக எந்த அம்மா எந்த நாடு என்று எனக்குக் குழம்புகிறது. முழங்கால் வலி வேறு. போன ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்ததற்குக் கையெழுத்துப் போடாமல் மஞ்சக்குப்பத்துக்கு வந்து படுத்துவிட்டேன். அப்பா இப்போது இல்லை. அம்மா என்னைப் பார்த்து, "பறந்தது போதும், கொஞ்சம் தூங்கு" என்றார்.

நான் போன முதல் இரண்டு வருடம் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு குறைந்தது. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினால் ஒரு வரி பதில் வரும். குமராட்சியில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் களப்பணியாளராக இருக்கிறாள் என்று தெரியும். நான் எங்கெங்கோ போகிறேன், இவள் அதே மினி பஸ்ஸில் போகிறாள், பொறாமை இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் குமராட்சிக்குப் போய் இறங்கினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். கன்னத்தில் சதை வற்றியிருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள், அதே மாதிரி பரீட்சை அட்டை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்பது மணி மினி பஸ் வந்தது. முன்னால் மூன்றாவது சீட்டில் அக்கா. முடி நரைத்துவிட்டது. பக்கத்து சீட்டு காலி. கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் அவரைத் தாண்டிப் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலியாக இருந்த சீட்டில் யாரோ ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார்.

"என்னாடி, அக்கா ஒனக்கு எடம் போடலியா?" என்று நான் சிரித்தேன்.

கிராமத்தில் இறங்கி, மற்றவர்கள் போன பிறகு, வாய்க்கால் மதகில் உட்கார்ந்து சொன்னாள்.

எனக்கு உதவித்தொகை கொடுத்த நிறுவனம் என் ஆய்வை ஒரு சின்னப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. யாரோ அதைத் தமிழில் மொழிபெயர்த்து, மகளிர் குழுக்களில் வாசிக்கச் சொல்லித் தொண்டு அமைப்புகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளத்தில் நிமிர்ந்த பெண்கள் என்று தலைப்பாம். அந்தக் கிராமத்துக் குழுக் கூட்டத்தில் அதை வாசிக்கும் வேலை யாருக்கு வரும்? நன்றாக வாசிக்கிறவளுக்குத்தான் வரும். புத்தகக் கட்டு அன்று காலைதான் வந்தது. அவள் முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை. எல்லாரையும் உட்காரவைத்து, நிறுத்தி நிறுத்தி, சத்தமாக வாசித்தாள்.

"கீரைக் கொல்லன்னு வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சிடி. ஆனா வாய் நிக்கல. அடுத்த வரியும் வாசிச்சிட்டேன். அதுதான் அந்த வரி."

"அக்கா இருந்தாங்களா?"

"எதிர்லதான். எழுந்து முந்தானைய ஒதறிட்டுப் போயிட்டாங்க. இது வேற ஊருன்னு சொல்லிப் பாத்தேன். யாரு நம்புவா? புக்குலதான் ஊரு பேரு இருக்கே."

ஊர் பேசியது. ஒரு வருடம் பேசியது. அக்காவின் பெரிய பெண்ணுக்குக் கூடி வந்த இடம் தட்டிப்போனது. இப்போது அந்தப் பெண் கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள், ஊரும் மறந்துவிட்டது. அக்கா மட்டும் மறக்கவில்லை. எழுதியது ஒரே ஒரு பெண்தான், உருவிக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு வேறொரு பிரதி வைத்துக்கொண்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைக்காமல் என்ன செய்வார்? அன்றிலிருந்து கூடை மடிக்குப் போய்விட்டது. அவளும் அதே பஸ்ஸில், அதே ஒன்பது மணிக்கு, இத்தனை வருடமாகப் பின்னால் நின்றுகொண்டு போகிறாள்.

"நான்தான் எழுதுனேன்னு ஒனக்குத் தெரியுமா?"

"வேற யாருடி இருந்தா அங்க?"

"அப்ப சொல்லியிருக்கலாமில்ல, இவதான் எழுதினான்னு?"

"ஒன்ன அவுங்களுக்கு யாருன்னே தெரியாது. தெரியாதவ மேல பழி போட்டுட்டுத் தப்பிச்சிக்கச் சொல்றியா? அதுவுமில்லாம வாசிச்சது நான்தானே. அவுங்க காதுல வுழுந்தது என் கொரலுதானே."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. இப்போதே போய் அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், இல்லை. ரொம்பக் களைத்திருந்தாள்.

"சொல்லு, வேணாங்கல. ஆனா எழுதிக்கிட்டுப் போ. வாயால சொன்னா ஒனக்கு வேண்டியத மட்டும் சொல்லிட்டு வந்துடுவ. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

அதற்காகத்தான் இதை எழுதினேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதி, முதலில் அவளிடம் கொண்டுபோனேன். நான் வாசிக்க, அவள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடி கேட்டாள். தன் பெயரை எடுக்கச் சொன்னாள். ஹாஸ்டல் பெயரை எடுக்கச் சொன்னாள். அவளை நல்லவள் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன், இரண்டையும் எடுக்கச் சொன்னாள். அவள் அப்பாவைப் பற்றியதை எடுத்துவிடட்டுமா என்று நானே கேட்டேன். நறுக்கிய வெங்காயத்தை வழித்துச் சட்டியில் போட்டுவிட்டு, "அது இருக்கட்டும். அவரு எங்கயும் சொல்ல முடியல. இதுலயாவது இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த நாள் அக்கா வீட்டுக்கு நான் தனியாகத்தான் போனேன். பின்பக்கம் கீரையைப் பிடி பிடியாக எடுத்து வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உங்களிடம் ஒன்று வாசித்துக் காட்ட வேண்டும் என்றேன். எந்த ஆபீஸ் என்று கேட்டார். ஆபீஸ் இல்லை என்றேன். முதல் வரியிலிருந்து வாசித்தேன். அறிக்கைகளை எத்தனையோ அரங்குகளில் மைக் வைத்து வாசித்திருக்கிறேன். அங்கே என் குரல் இரண்டு தடவை நின்றுவிட்டது. அக்கா தலை நிமிராமல் கட்டுக்குமேல் கட்டாகப் போட்டுக்கொண்டே இருந்தார். நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன் என்ற இடம் வந்தபோது மட்டும் குறுக்கே பேசினார்.

"அப்ப அந்தப் பொண்ணு எழுதலியா?"

"இல்லக்கா. நான்தான்."

"உருவிக் குடுத்தது நெசமாத்தான் குடுத்துச்சா?"

"நெசமாத்தான்க்கா."

மிச்சத்தையும் வாசி என்றார். வாசித்து முடித்தேன்.

"எதுனா அடிக்கணுமாக்கா?"

"நான் செஞ்சது என்னான்னு அதுல இல்லியே?"

"இல்ல."

"அப்ப இருக்கட்டும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பது நினைவில்லை. அக்கா என்னை அப்போதுதான் நன்றாகப் பார்த்தார்.

"ஆமா, அன்னிக்கி நீ எங்க ஒக்காந்திருந்த?"

வாசற்படியைக் காட்டினேன். அவர் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாபகம் வரலியே பாப்பா" என்றார். பிறகு, "நாலரை பஸ்ஸு போயிடப் போவுது, கெளம்பு."

அவ்வளவுதான் நடந்தது. அவர் கதையைச் சொல்லித்தான் நான் மூன்று நாடு சுற்றினேன். அவருக்கு என் முகமே தெரியாது.

மறுநாள் ஒன்பதரை மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. மினி பஸ் பாட்டும் ஹாரனும் மட்டும்தான் கேட்டன. பஸ்ஸிலிருந்து தெரியாமல் கைபட்டு வந்த அழைப்போ என்று நினைத்தேன். வைக்கப் போகும்போது அவள் குரல் வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரொம்பத் தாழ்வாக.

"எடம் போட்டிருந்தாங்கடி. கூடைய பக்கத்துல வச்சிருந்தாங்க, ஒருத்தன் வந்து கேட்டான், எழுதுற பொண்ணு வருதுன்னாங்க. எனக்கு நரைச்சி போச்சி, இன்னும் பொண்ணுங்கறாங்க."

"இப்ப ஒக்காந்துதான் போறியா?"

"ஒக்காந்துதான். பக்கத்துலதான் இருக்காங்க. கீரை வெல பேசிக்கிட்டு வந்தோம்."

நான் கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

"என்னப் பத்தி எதுனா சொன்னாங்களா?"

"இல்லடி" என்றாள்.

இந்தக் கடைசிப் பகுதியையும் போனில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சரியாகத்தான் இருக்கிறது, ஒன்றும் அடிக்க வேண்டாம் என்றாள்.